மேசை தட்டும் கை

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் பஸ்ஸில், வழியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவர் பேரூராட்சி கவுன்சிலர் என்பது கண்டக்டர் "வாங்க கவுன்சிலரம்மா" என்று வைத்த வணக்கத்தில் தெரிந்தது. செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"அமெரிக்காவுல அந்த நாலு பேருக்கும் கறிச்சோறு ஆக்கிப் போடோணுங்க்கா."

"யாரு அம்மணி அவங்க?"

"அதிபரோட கட்சி எம்பிங்க. அவசரநெலைன்னு சொல்லிப்போட்டு, சபையைக் கேக்காம அவரே வரி போட்டாருல்லங்க, அது செல்லாதுன்னு எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்காங்க."

"சொந்தக் கட்சியையேவா?"

"ஆமாங்க்கா. எங்க பேரூராட்சித் தலைவரும் எல்லாத்தையும் அவசரம்னு எழுதி அவரே செஞ்சுபோட்டு, அப்பறம் கூட்டத்துல ஒப்புதல் கேப்பாரு. கட்சிக்காரங்க நாங்க மேசையைத் தட்டுவோம், பாஸாயிரும். எங்க வார்டு அங்கன்வாடிய இடிச்சதும் அப்படித்தான். அன்னைக்கும் தட்டினேன். கொழந்தைங்க இன்னும் கோயில் வாசல்லதான் உக்காந்திருக்குது."

"இன்னைக்கும் கூட்டமா?"

"ஆமாங்க. ஒரே ஒருக்கா எதிர்த்துக் கையத் தூக்கிப்போடோணும்னு ஆசையா இருக்குதுங்க்கா. சோறு திங்கறப்பக்கூட அதே நெனப்பு."

சொல்லிக்கொண்டே வலது கையை உயரத் தூக்கிப் பார்த்தார். இறங்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் தென்னந்தோப்பு ஓரமாக நின்றது.

"இங்கயே எறங்கறீங்களாங்க?"

"இல்லீங்கண்ணா, போலாம்."

பஸ் கிளம்பிய பிறகும் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கினா பஸ்ஸே நிக்குது பாருங்க்கா."