புதியவர்களுக்கு ஏற்ற பிழை

இந்த அறையின் ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், இன்ஸ்பெக்டர் சார். ஆனால் யாரும் விடமாட்டீர்கள். எல்லோருக்கும் பொதுவான ஃபேன் இல்லையா. என் மென்பொருளும் அப்படித்தான் கிடந்தது.

குழந்தையின் எடையைப் போட்டால் எவ்வளவு மருந்து ஏற்றலாம் என்று சொல்லும். இலவசம். உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து படிக்கலாம், தப்பிருந்தால் திருத்தி அனுப்பலாம். நான் பார்த்துச் சேர்த்துக்கொள்வேன். சின்ன ஆஸ்பத்திரிகளெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டன. என் அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். "உன் கணக்கை நம்பித்தான்டா ஊசியையே கையில எடுக்குறேன்" என்பாள். பயன்படுத்த ஊரே வந்தது. ஒரு கை கொடுக்க ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. "வாருங்கள், சேர்ந்து செய்வோம்" என்று நான் எழுதி வைத்த அழைப்பைப் படித்தவன் நான் ஒருவன்தான். வயிறு எரிந்தது, சார். அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு நாள் உதவிப் பக்கத்தில் தெரியாமல் ஒரு கமாவைத் தப்பாகப் போட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண் அதைத் திருத்தி அனுப்பினாள். நன்றி சொன்னேன். மறுநாள் இன்னொரு எழுத்துப்பிழையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு நான் வைத்த பெயரே கமா.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. எல்லாம் சரியாக இருக்கிற இடத்தில் வருகிறவனுக்கு என்ன வேலை? அதனால் நானே சின்னச் சின்னப் பிழைகளைச் செய்து வைத்தேன். பொத்தானின் நிறம், தேதியின் வரிசை, இப்படி. ஒவ்வொன்றுக்கும் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று ஒரு சீட்டு ஒட்டினேன். வந்தார்கள், சார். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர். திருத்தினார்கள், ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள், சண்டை போட்டு ராசியானார்கள். கூட்டு முயற்சியை எப்படி வளர்ப்பது என்று பேச என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பேசினேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கமா வளர்ந்துவிட்டாள். எனக்கு அடுத்தபடி அவள்தான். புதுப் பதிப்பு போவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். போன மாதம் எழுதினாள்: "இங்க எனக்கு இனிமே பெருசா வேலை இல்லண்ணா. எல்லாம் நல்லாத்தான் ஓடுது. நான் விலகிக்கிறேன்."

நல்லாத்தான் ஓடுகிறதாம். அவளைப் பிடித்து வைக்கப் பொத்தான் நிறமெல்லாம் போதாது என்று புரிந்தது. எடை பத்து கிலோவுக்குக் கீழே இருந்தால் மருந்தளவில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழும்படி, பத்து மடங்காகும்படி மாற்றினேன். சீட்டு ஒட்டவில்லை, அவள் தகுதிக்கு அது அவமரியாதை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். "நீங்க எழுதினதுல நான் என்னண்ணா பாக்குறது" என்று படிக்காமலே சம்மதம் கொடுத்துவிட்டாள். பதிப்பு போய்விட்டது. நான் நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே, சார்.

அக்கா வார்டில் ஒரு பெண் குழந்தை. திரையில் வந்த அளவு அதிகமாகத் தெரிந்ததால் அக்கா இரண்டாவது தடவையும் தட்டிப் பார்த்தாளாம். அதே எண். தம்பி கணக்கு தப்பாகாது என்று ஏற்றிவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை. அக்காவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் அழுவது இங்கே கேட்கிறது. அவள் மேல் தப்பில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். புள்ளியைத் தள்ளியவன் நான். ஆனால் எல்லோருக்கும் திறந்துதான் வைத்திருந்தேன். ஒருவராவது படித்திருக்கலாம்.

கமா திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததும் உங்களிடம் சொன்னதும் அவள்தானே. இப்போது பல் டாக்டர், வங்கிக்காரர், பிள்ளைகள் எல்லோரும் அவளோடு சேர்ந்து முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்களாம். இப்படி ஒற்றுமையாக அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

இதுபோல் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது, மருந்துக் கணக்கில்தான். எந்த வரி என்று மட்டும் கேட்காதீர்கள், சார். சொல்லிவிட்டால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.