பழுப்பு நிற ஓ-ரிங்

அந்தப் பையில் இருப்பதை நகத்தால் எடுக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். ரப்பரில் கீறல் விழுந்துவிடும். இனிமேல் அதை யாரும் எதிலும் பொருத்தப் போவதில்லை, தெரியும். ஆனாலும் பத்தொன்பது வருடப் பழக்கம், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் பெயர் புஷ்பவல்லி. கிள்ளானில் லோரி, படகு, ஃபேக்டரி இயந்திரங்களில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங்கும் ஆயில் சீலும் விற்கும் கடையில் முகப்பில் நிற்கிறேன். வருகிறவர்கள் தேய்ந்துபோன பழைய ரிங்கைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, "அக்கா, இதே மாதிரி ஒண்ணு" என்பார்கள். பழையதைப் பார்த்து அப்படியே கொடுக்கக் கூடாது. அது நசுங்கியிருக்கும், இழுபட்டிருக்கும். எந்த இயந்திரம், உள்ளே ஓடுவது எண்ணெயா, தண்ணீரா, கேஸா என்று கேட்டுத்தான் எடுப்பேன். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, ரப்பரும் சரியாக இருக்க வேண்டும். நான் கொடுத்தது ஒழுகியது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

என் கணவர் பரமேஸ்வரனைப் பற்றிக் கேட்டீர்கள். பந்திங் போகும் வழியில் உள்ள ஐஸ் ஃபேக்டரியில் பதினொரு வருடம் மெக்கானிக்காக இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் ஆறேகாலுக்கு அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். நான் ரசத்தைச் சூடாக்குவேன். சாப்பிடும்போது அன்றைக்கு எந்தக் கம்ப்ரஸர் தொல்லை கொடுத்தது, எந்த வால்வு கசிந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வார். மற்றப் பெண்களின் கணவர்கள் இவ்வளவு பேசுவார்களா, எனக்குத் தெரியாது.

மார்ச் மாதம் அவருக்கு ஜொகூரில் ஒரு மீன் கிடங்கில் சீஃப் மெக்கானிக் வேலை கிடைத்தது. மாதம் ரெண்டு தடவை வந்துடுவேன் என்றார்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ எதுக்கு? உனக்குத்தான் இங்க கடை இருக்கே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியின் ஓசை நின்றால்கூட, வீட்டில் நான் மட்டும் இருப்பதுபோலத் தோன்றும். அவர் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்படி. ஒன்றும் இல்லாத காரியத்துக்கு அவரைக் கூப்பிடுவேன். "என்னம்மா?" என்று குரல் வந்த பிறகுதான் மூச்சு வரும்.

ஒரு சனிக்கிழமை அவரும் உடன் வேலை செய்யும் கிஷனும் கடைக்கு வந்தார்கள். கிஷனுக்கு நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"அக்கா, உங்க ஹஸ்பண்டைக் கொஞ்சம் காக்க வைங்க. சீஃப் ஆகப் போறாருன்னு இப்பவே நடையே மாறிப் போச்சு."

"வாயை மூடு லா" என்றார் இவர்.

"அண்ணன் போனதும் டிவி ரிமோட் முழுக்க உங்களுக்குத்தான்கா. பார்ட்டி வைங்க."

"வைக்கிறேன் கிஷன்" என்று சிரித்தேன்.

இவர் பழைய ரிங்கை மேசையில் வைத்தார். கறுப்பு. ஐஸ் உறைய வைக்கும் அம்மோனியா கேஸ் ஓடும் இயந்திரத்தில் எண்ணெய் வடிக்கும் வால்வில் இருந்தது. அதற்கு அந்தக் கறுப்பு ரப்பர்தான் போட வேண்டும். நான் உள்ளே போய்ப் பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தேன். எங்கள் கடையிலேயே உசத்தியான சரக்கு அது. கொதிக்கும் எண்ணெயில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் பழுப்பு என்றாலே எல்லாவற்றுக்கும் நல்லது என்று மெக்கானிக்குகளிடம் ஒரு நம்பிக்கை. அம்மோனியாவில் மட்டும் அது சில வாரங்களில் கெட்டுப்போகும்.

"எப்பவும் கறுப்புதானே புஷ்பா?"

"இது அதைவிட நல்லது."

"நீ சொன்னா சரி லா" என்று பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைகிறது.

தவறுதலாக எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. தெரிந்துதான் கொடுத்தேன். சின்னதாகக் கசியும், நாற்றம் வரும், கவனமில்லாத ஆள் என்று அவருக்குப் பெயர் வரும், ஜொகூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வால்வை எப்படித் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். குனிந்து, கையை உள்ளே விட்டு, முகத்தைக் கிட்டே வைத்துத் திறக்க வேண்டும். முகமூடி ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது, போய் எடுக்கச் சோம்பல் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அதற்காக எத்தனையோ முறை அவரைத் திட்டியிருக்கிறேன். அந்த மாதம் திட்டவில்லை.

அவர் வால்வைத் திறந்தபோது அம்மோனியா பீறிட்டு முகத்தில் அடித்து, இரண்டு கண்ணும் போய்விட்டது. கண் என்று நான் நினைக்கவில்லை, மேடம். கை என்றுதான் நினைத்தேன். ஒரு கை போனால் மெக்கானிக் வேலை போகும். மற்றபடி மனிதர் முழுசாக இருப்பார்.

கிஷன் உள்ளே ஓடுவான் என்று யார் கண்டார்கள்? இவரை இழுத்து வெளியே தள்ளியவன், வால்வை மூடத் திரும்பிப் போயிருக்கிறான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அவன் சாவு வீட்டுக்கு ஐந்து நாளும் நான்தான் சமைத்துக் கொண்டுபோனேன். அவன் மனைவி கோமதி என் தோளில் சாய்ந்து, "உங்க வீட்டுக்காரராவது பிழைச்சாரே அக்கா" என்று அழுதாள். நல்ல பெண்.

ஜொகூர் பேச்சு அதோடு நின்றுபோனது. என் பயமும் போய்விட்டது. காலையில் அவருக்கு நான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். என் கையைப் பிடிக்காமல் அவர் வாசல் தாண்டுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்து அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். வால்வில் இருந்தது பழுப்பு ரிங், அம்மோனியாவுக்கு ஆகாதது, கடையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று. நீங்கள் போன பிறகும் அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவரே உங்களுக்குப் போன் செய்தார் என்கிறீர்கள். வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது என்றாராம். கண் தெரியாதவருக்குப் பயம் இருக்காதா? அதற்குப்போய் அவருடைய அக்கா நல்லம்மாள் சுங்கை பூலோவிலிருந்து வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போக. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவரை மட்டும் அக்காவோடு அனுப்பிவிடாதீர்கள்.

எங்களுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் எப்படி மாறிவிட்டார், தெரியுமா? கைநிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொள் என்றார். வீட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். நான் சமைத்தால், அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து சமையலறை வாசலிலேயே நிற்கிறார். தேநீர் கொடுத்தால் முதல் மிடறு நான்தான் குடிக்க வேண்டும். நான் விழுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கோப்பையை வாங்குகிறார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்மேல் இவ்வளவு ஆசையாக இருந்ததில்லை, மேடம்.