ஸ்டியரிங்கை விட்ட கை

அன்றைக்குத் தெலுக் இந்தானிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் போன பஸ்ஸில் டிரைவர், தூங்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா, என் முன்சீட்டில் ஓர் அக்காவும் அவர் தம்பியும், அப்புறம் நான். கார் டெஸ்டில் தோற்று வந்த தம்பியை அக்கா காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு கையையுமா விட்ட?”

“முனியாண்டி கோயில் வந்துச்சுக்கா. ஒத்தக் கையிலயா கும்புடுறது?”

“பக்கத்துல ஆபீசர் உக்காந்திருக்காரு, இவரு பக்தி காட்டுறாரு! ஹார்னும் அடிச்சியா?”

“கோயிலத் தாண்டுறப்ப எல்லாரும் அடிக்கிறதுதானேலா.”

“எல்லாரும் லைசென்ஸ் எடுத்துட்டு அடிக்கிறாங்க, மடையா! ஆபீசர் என்ன செஞ்சாரு?”

“அவருதான் ஸ்டியரிங்கப் புடிச்சாரு.”

நான் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“திங்கக்கெழமை பாலர் பள்ளிப் பிள்ளைங்கள கார்ல ஏத்த வாரேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டியே, இப்ப?”

“சும்மா ஓட்டுறேன்கா. எஸ்டேட் ரோட்டுல யாரு லைசென்ஸ் கேக்கப் போறா? முனியாண்டி பாத்துக்குவாரு.”

அக்கா போனை எடுத்தார்.

“டீச்சர், தம்பி ஃபெயிலு. வேற ஆளு பாத்துக்குங்க. இல்ல டீச்சர், அடுத்த மாசமும் வேணாம். இவன சாமி பாத்துக்குவாராம். பிள்ளைங்கள யாரு பாத்துக்கிறது?”