வெளுத்த புடவை

பெசன்ட் நகரில் மழையோடு பஸ் ஏறிய இரண்டு பெண்களில் இளையவள், கம்பியைப் பிடித்ததுமே வெடித்தாள். வீட்டு வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"என் பொடவைய நான் மடிச்சி வெச்சதுக்கு என்னத் திட்றாங்கக்கா!"

"உன் பொடவைக்கு அவங்க வூட்ல இன்னாடி வேல?"

"வூட்ட அலங்காரம் பண்ண டிசைனர்னு ஒருத்தி வந்தா. நான் கட்டிக்கினு இருந்த கட்டம் போட்ட பொடவையப் பாத்துட்டு, இப்டி வெளுத்த கலர் எந்தக் கடையிலயும் கெடைக்காதுன்னா. வூட்டுக்காரம்மா ரெண்டு புதுசு குடுத்து அத்த வாங்கிக்கிச்சு."

"வாங்கி?"

"பூப்போட்ட சோபா, அதும்மேல கோடு போட்ட துணி, அதுக்கும் மேல என் பொடவ. கசங்கிக் கெடக்குதேன்னு மடிச்சி வெச்சேன். அது கலைஞ்சிதான் கெடக்கணுமாம்! சரின்னு திரும்ப விரிச்சிட்டு, கால் வலி தாங்காம அதும்மேல உக்காந்தேன். 'ஏய், கீழ உக்காரு'ன்னு கத்துது. என் பொடவ சோபாவுல உக்காரலாம், நான் உக்காரக் கூடாதா?"

"நீ இன்னா சொன்ன?"

"புதுசு ரெண்டும் நாளைக்கு உன் வாசல்ல வந்து வுழும்னு சொல்லிட்டு, என்னுத உருவிக்கினு வந்துட்டேன்."

அடையாறில் ஓர் இருக்கை காலியானது. மழைச் சாரலில் நனைந்திருந்தது. அவள் பையிலிருந்து அந்தப் புடவையை எடுத்தாள். நாலாக மடித்து இருக்கையில் போட்டு, அதன்மேல் நன்றாக உட்கார்ந்தாள்.