கால் பார்ப்பவள்

பழைய பந்தயப் படத்தைக் கையில் எடுத்ததும் காரைப் பார்க்கிறவர்களுக்கு இடம் அகப்படாது. கார் ஓடிப்போகிற சாமான். சுவரைப் பார்க்க வேண்டும், சுவருக்கு மேலே மலையைப் பார்க்க வேண்டும். பழைய படங்கள் எந்த இடத்தில் எடுத்தவை என்று தேடிக் கண்டுபிடிக்கிற நம் குழுவில் இதை ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கெல்லாம் காது புளித்திருக்கும்.

இன்றைக்கு அந்த வெள்ளைத் துண்டுப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் எங்கள் சிசிலி மலையில் நடந்த பந்தயத்தில் எடுத்த படம் அது. ஒன்பதாம் எண் கார் வளைவில் திரும்புகிறது. ஓட்டுகிறவன் பக்கத்தில் இருக்கிற மெக்கானிக், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துண்டு பறக்க, வெளியே சாய்ந்து தொங்குகிறான். மலைப்பக்கச் சுவர்மேல் ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். சுவர் ஓரத்தில் 31 என்று வெட்டிய கிலோமீட்டர் கல். சுவருக்கு மேலே கழுதைக்காது மலையின் இரண்டு முனைகள். படத்தின் பின்புறம் ஊர்ப்பேர் எழுதியிருக்கவில்லை.

அது ரொக்கலூனா, எங்கள் ஊர், என் மகன் லிபோரியோவின் சாப்பாட்டுக்கடைக்கு எதிரே இருக்கிற வளைவு என்று நான் எழுதினேன். சுவர்மேல் இருக்கிற பெண் என் பாட்டி என்றும் எழுதினேன். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள்.

அது சான் விதாலே ஊரின் மேல் வளைவு. அம்மாவுக்குப் பிறந்த ஊர் அது. அந்தச் சுவர்மேல் உட்கார்ந்து நான் அத்திப்பழம் தின்றிருக்கிறேன். படத்தைப் பார்த்த முதல் நிமிஷமே எனக்குத் தெரியும். அந்தப் பெண் யார் என்று மட்டும் தெரியாது.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். அந்த வாரம்தான் லிபோரியோ பெட்டி கட்டினான். என் மூத்தவன் பெல்ஜியம் போய் இருபது வருஷம். மகள் ஸ்டுட்கார்ட்டில். இவன் ஒருவன்தான் மிச்சம். கடையை மூடிவிட்டு ஸ்டுட்கார்ட்டில் அவன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் பெண்டாட்டி சொல்லியிருந்தாள். நான் கொஞ்சம் பொறு என்றேன்.

"எதுக்கும்மா பொறுக்கணும்? ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தது மூணு பேர். அதுல ஒருத்தர் பாதிரியார். அவரு என்னைக்குக் காசு குடுத்தாரு?" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எங்கள் தெருவில் பதினோரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது, மழைக்காலத்தில் ஜன்னல் திறந்துவிட. பன்னிரண்டாவது சாவி என் மகன் வீட்டுச் சாவியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் நினைத்தது. அதிகம் ஆசைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பழைய கார் சங்கத்துக்காரர்கள் எங்கள் வளைவில் கல்வெட்டு வைத்தார்கள். அவர்களுடைய மே மாதக் கார் ஊர்வலத்தில் அறுபது கார்கள் அங்கே நின்று, எல்லோரும் லிபோரியோ கடையில் சாப்பிட்டார்கள். மொச்சை மசியலும் காட்டுச் சோம்புக்கீரையும். அதற்கப்புறம் படம் பிடிக்கிறவர்கள், வெளிநாட்டுக்காரர்கள், வாரம் தவறாமல் யாராவது வந்தார்கள். லிபோரியோ பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்தான். அவன் பெண்டாட்டி சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாள்.

நம் குழுவில் சந்தேகம் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. கல்லில் எண் எங்கே என்று ஒருவர் கேட்டார். எங்கள் வளைவில் தேய்ந்துபோன கல் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் கல்தச்சர், அவருடைய உளி இன்னும் வீட்டில் இருக்கிறது. இரண்டு மதியம் உட்கார்ந்து 31 வெட்டினேன். படத்தில் இல்லாத கரோப் மரம் உங்கள் வளைவில் எப்படி வந்தது என்று இன்னொருவர் கேட்டார். இருநூறு வயசு மரம். ஊர்க் கிழவர்கள் அதன் அடியில்தான் சீட்டாடுவார்கள். பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லி ஆள் வைத்து வெட்டினேன். கிழவர்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு சர்ச் படியில் சீட்டாடப் பழகிக்கொண்டார்கள். மனுஷர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள்.

மலையின் காதுகள் படத்தில் நெருங்கி இருக்கின்றன, எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் விலகி இருக்கின்றன என்று மூன்றாமவர் கேட்டார். அந்தக் காலத்துக் கேமரா அப்படி என்று எழுதினேன். "நுன்சியாம்மா சொன்னா மலை கூட நகந்து நிக்கும்" என்று நம் நிர்வாகி எழுதினார். எல்லோரும் சிரித்தீர்கள். பேச்சு அதோடு முடிந்தது.

எர்மான்னோ ஐயா சிரிக்கவில்லை. தூரினில் நில அளவைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், குழுவில் சேர்ந்து ஆறு மாதம். நல்ல மனுஷர். குழுவில் எழுதினால் எனக்குத் தலைகுனிவாகும் என்று எனக்குத் தனியாக எழுதினார். ஏப்ரலில் நேரில் வருவதாகவும், அந்த இடத்தில் நின்று பார்க்கும்வரை யாரிடமும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றும் எழுதினார்.

சொன்னபடி வந்தார். கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நுன்சியாம்மா, இந்தக் கல்லு முழுக்கப் பாசி இருக்கு. நம்பர்ல மட்டும் இல்ல."

"வெயில் படுற பக்கம், ஐயா."

"அப்போ நம்பர் வெட்டினவருக்கும் வெயில் பட்டிருக்கும். கை வலிச்சிருக்கும், பாவம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

அவரைக் கடைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். லிபோரியோ தட்டு வைத்துவிட்டு உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய வீடுகளைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன். என் வாழ்க்கையில் யார் காலையும் பிடித்தவள் இல்லை, அன்றைக்கு மேசைக்கு அடியில் பிடித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். மசியலை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்.

"உங்க பையன் கை நல்ல கை. ஜனங்க சாப்பாட்டுக்கு வருவாங்கம்மா, கல்வெட்டுக்கு இல்ல. ஆனா தப்பான இடத்துல கல்வெட்டு நிக்கக் கூடாது. நான் சங்கத்துக்கு எழுதித்தான் ஆகணும்."

மே மாத ஊர்வலத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"எழுதுங்க. ஆனா சரியான இடத்தையும் சேர்த்து எழுதுங்க. நாளன்னைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் கையைப் பிடித்து, இதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்றார்.

நம் குழுவின் வழக்கத்தைப் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். இடத்தைப் பார்க்க யாரும் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் படத்தைக் கண்முன் நீட்டிப் பிடித்து, மலையும் சுவரும் படத்தில் இருக்கிற மாதிரி பொருந்தும்வரை முன்னே பின்னே நகர்வார். அவர் படம் பார்ப்பவர். அவர் கீழே பார்க்கவே கூடாது, பார்த்தால் பொருத்தம் போய்விடும். அதனால் இன்னொருவர் அவர் பாதத்தை மட்டும் பார்த்து, "வா", "நில்லு" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் கால் பார்ப்பவர். கல்தானியாவில் நம்மவர் ஒருவர் வாய்க்காலில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு வந்த விதி. கொண்டுவந்தவள் நான்தான்.

சான் விதாலே மேல் வளைவில் மலைப்பக்கச் சுவர் ஆள் உயரத்துக்கும் மேலே. கிட்ட நின்றால் மலையே தெரியாது. பின்னால் போகப் போகக் கழுதை காதைத் தூக்கும். படத்தில் இரண்டு காதும் அடிவரை தெரிகின்றன. அப்படியானால் படம் பிடித்தவன் சாலைக்கு வெளியே, பள்ளத்துப் பக்கம் துருத்திக்கொண்டிருந்த மேடையில் நின்றிருக்கிறான். அந்த மேடை நான் சிறுமியாக இருந்தபோது பெய்த மழையில் சரிந்து போய்விட்டது. இப்போது அங்கே மஞ்சள் பூப்பூக்கும் புதர்தான். ஏப்ரலில் அது செழித்து, தரை போலவே இருக்கும்.

காலை ஒன்பது மணி இருக்கும். என் மூன்று சக்கர வண்டியிலேயே போனோம். அவர் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். ஓரத்துப் புல்லை விலக்கியதும் 31 கல் கிடைத்தது. அதன் முன்னால் தொப்பியைக் கழற்றினார். பிறகு படத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகரத் தொடங்கினார்.

"கால் பாக்குறீங்களா?"

"பாக்குறேன், ஐயா."

"வலது காது வந்திடுச்சு. இடது காது பாதிதான் தெரியுது. பின்னால இடம் இருக்கா?"

"இருக்கு."

"இன்னும் கொஞ்சம்."

"வாங்க" என்றேன்.

காது பொருந்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "ஆங்" என்று ஒரு சத்தம் கேட்டது, விடை கிடைத்த மனுஷர் போடுகிற சத்தம். அதற்கப்புறம் புதர் அசைந்தது.

தவறி விழுந்தார் என்று போலீஸ்காரர்களிடம் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன். வயசான காலத்தில் இப்படியொரு காட்சியைப் பார்க்க நேர்ந்ததே என்று எனக்கு ஆறுதல் எழுதினீர்கள். பூங்கொத்து அனுப்பினீர்கள். நான் அவரைத் தொடவில்லை, அது சத்தியம். அவருக்கும் பொருந்துகிற இடத்துக்கும் நடுவே சாலைத் துறைக்காரர்கள் கட்டிய கம்பிவேலி ஒன்று இருந்திருக்க வேண்டும், சிவப்பும் வெள்ளையும் அடித்தது. அதை முந்தின நாள் நான் அவிழ்த்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல கம்பி. கோழிக்கூண்டைச் சுற்றிக் கட்டினேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. வேலி இல்லாத சாலை என்று சான் விதாலேயிலிருந்து எங்கள் ஊர்வரை சாலையை மூடிவிட்டார்கள். ஊர்வலம் இந்த மே மாதம் கீழ்ச்சாலை வழியாகப் போயிற்று. அறுபது பேருக்கு ஊறப்போட்ட மொச்சை முளைவிட்டது.

அந்த வாரம் முட்டை எடுக்கப் போன லிபோரியோ கோழிக்கூண்டுப் பக்கமே நின்றுகொண்டிருந்தான்.

"இந்தக் கம்பி எங்கேந்தும்மா வந்துச்சு?"

ரோட்டில் கிடந்தது என்றேன். அவன் கையில் இருந்த முட்டையைத் திரும்பக் கூண்டிலேயே வைத்தான். அன்றைக்கு என் கையால் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் போய்விட்டான். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை, பாதிரியாரிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான்கு மாதமாகப் போன் எடுக்கவில்லை.

அதனால் எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷன் தம்பிக்கும் இதில் ஒரு பிரதி நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுப்பேன். நம் பட்டியலில் திருத்திவிடுங்கள்: வெள்ளைத் துண்டுப் படம், சான் விதாலே மேல் வளைவு, படம் பிடித்தவன் நின்ற இடம் சாலை ஓரத்திலிருந்து நான்கு அடி வெளியே. கண்டுபிடித்தவர் பேர் எர்மான்னோ என்று போடுங்கள். கால் பார்த்தவள் நான். அவரை நான்தான் பின்னால் வரச் சொன்னேன், அங்கே தரை இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று லிபோரியோவுக்கும் தெரிந்துவிடும், வந்துவிடுவான். சாலையை வசந்தத்துக்குள் திறந்துவிடுவார்கள் என்கிறார்கள். கல்வெட்டை மட்டும் எங்கள் வளைவிலேயே இருக்க விடுங்கள், இவ்வளவு பட்டாகிவிட்டது. மே மாதம் எத்தனை கார் வரும் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதுங்கள், மொச்சையை முந்தின நாளே ஊறப்போட வேண்டும்.