பள்ளமில்லாத தெருவுல பஞ்சர் கடை

...ஒரு ஆணி கூட குத்தல சார் உங்க சைக்கிள்ல! நல்லா தடவிப் பாத்துட்டேன். வெறும் காத்துதான் எறங்கியிருக்கு. வர்றவங்க எல்லாருக்கும் காத்து, காத்து, காத்து! அடிச்சு அடிச்சு நானே காத்தா போயிடுவேன் போல.

முன்னாடி இந்த ரோட்ட பாத்திருக்கீங்களா? ஓ, புதுசா குடி வந்திருக்கீங்களா... அடடா, கொடுத்து வெக்கலயே! இதோ, என் கடை வாசல்லயே ஒரு பள்ளம் இருந்துச்சு. பள்ளமா சார் அது? எனக்குப் படியளந்த மகராசி! வெயில் அடிச்சா தாரு இளகும், மழை பேஞ்சா பேந்துக்கும். ஒட்டுப்போட வருவாங்க, போட்டோ புடிப்பாங்க, போயிடுவாங்க. அடுத்த மழைக்கு ஒட்டு காணாமப் போயிடும். ரிம்மு வளையும், டியூபு கிழியும், நேரா இங்கதான்!

அந்தப் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டான் பாருங்க, என் மச்சினன். மண்ணு கூட இல்ல, ரப்பரு! ரோடு போடுறாங்கல்ல, அதுக்கு தாரு சோதிக்கிற எடத்துல அவனுக்கு வேலை. வெறும் தாரு வெயில்ல இளகுதாம், குளிர்ல வெடிக்குதாம். ரப்பர் பொடியக் கலந்து காய்ச்சினா வளைஞ்சு கொடுக்குமாம், கல்லக் கெட்டியா புடிச்சுக்குமாம். "அத்தான், இனிமே இது லேசுல பேராது"ன்னு பல்லக் காட்டுறான். பஞ்சர் ஒட்டுறவன்கிட்ட வந்து சொல்ற சேதியா சார் இது?

அதப் போட்டுப் பாக்க ஊர்ல வேற தெருவே இல்லியான்னுதானே கேக்குறீங்க? என் பொண்டாட்டி சார்... எனக்கு சாப்பாடு எடுத்துட்டு வந்தவ. மழைத்தண்ணி நின்னுச்சு, பள்ளம் தெரியல. வண்டியோட விழுந்து மணிக்கட்ட உடைச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரிக்கு மச்சினன் ஓடி வந்தான். அக்கா கையில போட்ட மாவுக்கட்டையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் எந்த ஆபீசரப் புடிச்சானோ, எவன் கால்ல விழுந்தானோ, சோதனைக்கு இந்தத் தெருவையே வாங்கிட்டான்.

ரோடு போட்டு ஒரு மழைக்காலமே வந்துட்டுப் போச்சு. ஒரு கீறல்? ம்ஹும்! வீட்ல பொலம்பினேன். "அப்ப உங்க கடை ஓடணும்னா நான் இன்னொரு வாட்டி விழணுமா?"ன்னு கேட்டா. ஒரே கேள்வி. அப்புறம் எனக்கு சோறு எறங்குமா... விடுங்க சார்.

கொடுமைய இன்னும் கேளுங்க. அந்த ரப்பர் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறீங்க? ஒருநாள் வந்து நிக்கிறான். "அத்தான், கடைக்குப் பின்னாடி பழைய டயரு மலையாட்டம் கெடக்கே, நான் எடுத்துக்கவா?" எடம் காலியாவுதேன்னு நானே லாரில தூக்கித் தூக்கிப் போட்டேன் சார்! டீ வேற வாங்கிக் கொடுத்தேன்! எல்லாத்தையும் பொடியாக்கி, தாருல கலந்து, என் வாசல்லயே போட்டு ரோடு ரோலர ஏத்திட்டான்!

என்னா சார், சத்தத்தையே காணோம்? சார்...?

அட, போயிட்டாரா! முன்னெல்லாம் ஒருத்தர் சைக்கிள எடுத்தா தெருமுனை திரும்புற வரைக்கும் கடகடன்னு கேக்கும். சனியன் புடிச்ச ரோடு!