அவங்க ஆட்டம்

— ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குடி. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாக்குறான்.

— இதுக்கு மேல இறக்கினா கடை மூடிட்டாங்கன்னு கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வர்ற ஆளும் திரும்பிப் போயிடுவாங்க அண்ணி. பொறுங்க பொறுங்க. முதல்ல அந்தப் பொட்டலத்தை மடியிலேர்ந்து எடுத்து மேசை மேல வைங்க. உள்ள என்ன, பாம்பா?

— பாம்பா இருந்தா அடிச்சே போட்டிருப்பேன். இந்தா, பிரிச்சுப் பாரு.

— இது ஹார்ட் டிஸ்க். இதைப் போயா துண்டுல சுத்திக் கொண்டு வந்தீங்க?

— நான் சுத்தல. உங்க அண்ணன் சுத்தினது. என் சமையல்கட்டுத் துண்டு! சாப்பாட்டுப் பையில, டிபன் டப்பாவுக்கு அடியில இருந்துச்சு.

— இடிபடாம இருக்கட்டும்னு வச்சிருப்பாரு.

— கேட்டுக்கோ. சனிக்கிழமை காலையில இது பையில போகும். சாயங்காலம் வெறும் பை வரும். நடுவாரத்துல ஒருநாள் மறுபடி வந்து உக்காந்திருக்கும். சனிக்கிழமை எங்க போறீங்கன்னு கேட்டா 'குடோன்ல ஸ்டாக் எடுக்கணும்'ன்றாரு. மூட்டை எண்ணுறவருக்கு இது எதுக்குடி?

— இது என்னன்னு நேராவே கேட்டிருக்கலாமே?

— கேட்டா உஷாராயிடுவாரு. இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே, அவர் குளிக்கப் போனப்ப எடுத்துட்டேன். கனம் குறையக் கூடாதுன்னு, இதே மாதிரி இன்னொரு துண்டுல ஒரு சோப்புக் கட்டியைச் சுத்தி வச்சு அனுப்பிட்டேன்.

— சோப்பா! ஐயோ அண்ணி!

— சிரிக்காத. எனக்கு உசிரு போகுது. அந்தத் துண்டை மோந்து பாரு.

— ம்... பவுடர் வாசம்.

— நான் பவுடர் போட்டு எந்தக் காலமாச்சு? உங்க அண்ணனும் போடமாட்டாரு. அப்போ யாரு போடுறா? ஒண்ணு சொல்லிடறேன். இதுக்குள்ள எவளாவது இருந்தா நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். துணிமணியை எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன், அந்தா பை.

— எங்க போவீங்க? உங்க அப்பா வீட்டுக்கா?

— எந்த அப்பா? கல்யாணத்துக்கு வாங்கன்னு கால்ல விழுந்தேன், 'எனக்குப் பொண்ணே இல்ல'ன்னு கதவைச் சாத்தினாரே, அவரா? ஊர்ல எவன் வீட்டுக் கல்யாணம்னாலும் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடினவரு. எங்க கல்யாணத்துக்கு ஒரு படம் எடுக்க ஆளில்ல. சீட்டாட்டத்துல தோத்தாலே ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குற மனுஷன் அவரு. என்கிட்ட தோத்துட்டாரு, இத்தனை வருஷமா இறக்கல. அவர் பேச்சை விடு. சொருகு இதை.

— பொறுங்க பொறுங்க. வைரஸ் இருக்கான்னு பாத்துட்டு... ம், திறந்துடுச்சு.

— ஃபோட்டோ இருக்கா?

— இல்ல.

— வீடியோ?

— அதுவும் இல்ல. அண்ணி, இது பூரா கேம்ஸ். கம்ப்யூட்டர்ல ஆடுற ஆட்டம்.

— நாப்பது வயசு ஆம்பளைக்கு விளையாட்டா? நல்லா இருக்கு! மேல மூடி போட்டு அடியில எதையோ வச்சிருக்காரு. தோண்டு.

— தோண்டிட்டேன். மறைச்சு வச்ச ஃபோல்டர் ஒண்ணும் இல்ல. ஆனா...

— என்ன ஆனா?

— வழக்கமா கேமைக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தித்தான் ஆடுவாங்க. அண்ணன் இதை டிஸ்க்லேர்ந்தே ஓடுற மாதிரி பண்ணி வச்சிருக்காரு. எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் விட்ட இடத்துலேர்ந்து ஆடலாம். பிடுங்கிட்டா அந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் மிஞ்சாது.

— அதாவது, வந்துட்டுப் போன தடமே இருக்காது.

— அப்படியும் சொல்லலாம். ஆனா லேப்டாப்ல இடம் பத்தலைன்னாலும் இப்படித்தான் பண்ணுவாங்க அண்ணி. உடனே தப்பா... பொறுங்க. இது என்ன எழுத்து?

— எந்த எழுத்து? என்னன்னு சொல்லித் தொலையேன்.

— வெளியிலேர்ந்து டிஸ்க் சொருகினா கம்ப்யூட்டர் அதுக்கு ஒரு எழுத்து கொடுக்கும். உங்க வீட்டு லேப்டாப்ல சொருகினா 'இ'ன்னு வரும், மிஞ்சிப்போனா 'எஃப்'. இங்க இந்த கேமுக்கு ரெண்டு ஷார்ட்கட் இருக்கு. ஒண்ணு 'இ'. இன்னொண்ணு 'கே'. அவ்வளவு தள்ளிப் போகணும்னா அந்தக் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஏகப்பட்டது சொருகியிருக்கணும். மெமரி கார்டு போடுற பெட்டி, அந்த மாதிரி.

— அப்போ வேற ஒரு கம்ப்யூட்டர்.

— வேற ஒரு கம்ப்யூட்டர்தான். மறைக்க என்ன இருக்கு.

— மெமரி கார்டா? செல்ஃபோன் கடை! முக்குல ஒருத்தி உக்காந்திருக்காளே, நெயில் பாலிஷ் காயறதுக்குள்ள அடுத்த கலர் பூசுறவ. கண்ணாடி ஒட்டணும், கவர் மாத்தணும்னு அங்கதான் ஓடுவாரு!

— அவளுக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு அண்ணி.

— ஆனா என்ன? உங்க அண்ணனுக்கும்தான் ஆச்சு.

— சரி சரி, கேமைத் திறந்தே பாத்துடலாம். நாடு பிடிக்கிற ஆட்டம் இது. ஊர் கட்டணும், படை சேக்கணும், எதிராளி ஊரைப் பிடிக்கணும். ஒருத்தர் தன் ஆட்டத்தை ஆடி வச்சுட்டா, அடுத்தவர் திறந்து ஆடுவாங்க. ம்... ரெண்டு பேர் ஆடுறாங்க.

— ரெண்டு பேரா.

— ஒருத்தர் பேரு 'நான்'. அது அண்ணன். இன்னொருத்தர் பேரு...

— ஏன் முழுங்குற? சொல்லு.

— 'அவங்க'.

— அவங்களா! கட்டிக்கிட்டவளுக்கு 'ஏய்', அந்த மகாராணிக்கு 'அவங்க'ளா? பாரு, தலையில கிரீடம் வேற!

— ராணி படம் கேமே கொடுக்கிறது அண்ணி. ஒருத்தர் ராஜாவை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது இதுதான்.

— உங்க அண்ணனுக்கு வக்காலத்து வாங்காத. எப்பலேர்ந்து நடக்குது இந்தக் கூத்து?

— முதல்ல சேவ் பண்ண தேதி... போன வருஷம். அண்ணி, உங்களுக்கு ஆபரேஷன் நடந்த வாரம் இது.

— என்னைக் கிழிச்சுத் தைச்சுப் போட்டிருந்தப்பவா? அடப்பாவி மனுஷா! இரு, இரு. நர்ஸ் ஒருத்தி சொன்னா. 'உங்க ஆளுங்க ரெண்டு பேரும் வராந்தாவுல கம்ப்யூட்டரை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க'ன்னு. அது நீயும் அவரும்னு நினைச்சேன்.

— நானா? எனக்குக் கண்ணு வலி அண்ணி அந்த வாரம். ஒட்டிக்கும்னு ஆஸ்பத்திரிப் பக்கமே நான் வரலையே.

— அப்போ ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கா. நான் உள்ள செத்துப் பொழைச்சுக்கிட்டு இருக்கேன், வெளியில பக்கத்துல உக்காந்து ஆட்டம்! எனக்கு அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல, இந்த மனுஷன் ஒருத்தர்தான்னு இருந்தேனேடி.

— அழாதீங்க அண்ணி. சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது. அண்ணன் அப்படி ஏதாவது பண்ணியிருந்தா முதல் அடி நான்தான் அடிப்பேன்.

— அவ ஊரைக் காட்டு. எப்படி வாழறான்னு பாக்கறேன்.

— ஊருக்குப் பேரு அவங்கவங்களே வைக்கலாம். அண்ணன் 'ஒண்ணு', 'ரெண்டு', 'மூணு'ன்னு வச்சிருக்காரு, குடோன் புத்தி. இவங்க தலைநகரு... இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்காங்க. பட்... டாம்... பிச்சி. பட்டாம்பூச்சின்னுகூட ஒழுங்கா எழுதத் தெரியல உங்க சக்களத்திக்கு!

— நிறுத்து. என்ன பேரு சொன்ன?

— அண்ணி?

— மறுபடி படி.

— பட்டாம்பிச்சி. ஏன், யாருன்னு தெரிஞ்சுடுச்சா?

— அந்த ஊருக்குக் காவல் இருக்கா?

— இருக்காவா? இருக்கிற படை பூரா இதைச் சுத்தித்தான் நிக்குது. மத்த ஊரெல்லாம் திறந்து கிடக்கு. இப்படி ஆடினா யாரா இருந்தாலும் தோப்பாங்க. தோத்துக்கிட்டும் இருக்காங்க.

— உங்க அண்ணன் இதை அடிச்சிருக்காரா?

— பாக்கறேன் பொறுங்க. மத்த ஊரை ஒவ்வொண்ணா பிடிச்சிருக்காரு... இதை மட்டும் தொடல. பழைய சேவ்ல வாசல் வரைக்கும் படையைக் கொண்டு போயிருக்காரு. அடுத்த ஆட்டத்துலயே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு. லூசா இவரு? ஜெயிக்கிற ஆட்டத்தை... அண்ணி, என்னாச்சு? அழறீங்களா சிரிக்கிறீங்களா? பயமா இருக்கு எனக்கு.

— எனக்குச் சின்னதுல 'பூ' வாயில வராதுடி. பூட்டு எனக்குப் பிட்டு. பூனை பினை. பட்டாம்பூச்சி பிடிச்சுக் கொடுன்னு அழுவேனாம், 'பட்டாம்பிச்சி, பட்டாம்பிச்சி'ன்னு. அதுவே எனக்குப் பேராப் போச்சு.

— அட! அப்போ அண்ணன்தான் உங்க நினைப்புல அந்தப் பேரை...

— உங்க அண்ணனுக்கு அந்தப் பேரே தெரியாது. நான் சொன்னதில்ல. சொன்னா அழுதுடுவேன்னுதான் சொல்லல.

— எனக்குத் தலை சுத்துது. அப்போ அந்தப் பவுடர் வாசம்?

— ஸ்டூடியோ கண்ணாடிக்கு முன்னாடி ஒரு பவுடர் டப்பா எப்பவும் திறந்தே கிடக்கும்டி, படம் எடுக்க வர்றவங்க பூசிக்கிறதுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் முதல்ல பூசிக்குவேன். மூக்குல ஏறியும் மூளைக்கு ஏறல பாரு எனக்கு.

— யாரு கண்ணாடி? எந்தக் கடை? ஐயோ, ஃபோன் அடிக்குது. அண்ணன்தான்! துண்டைப் பிரிச்சு சோப்பைப் பாத்துட்டாரு போல. எடுக்காதீங்க, என்ன சொல்றதுன்னு முதல்ல யோசிப்போம்.

— கொடு இப்படி. ஹலோ... ஆமா, நான்தான் எடுத்தேன். பதறாதீங்க, சண்டைக்கு வரல. 'அவங்க' பக்கத்துலதானே இருக்காங்க? இருக்கட்டும், இருக்கட்டும், போக விட்டுடாதீங்க. டிஸ்க்கை நானே எடுத்துக்கிட்டு வரேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இப்பவும் தோத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குறாரா எங்க அப்பா?